மாமா பாஸாகிவிட்டார்

போன வாரம் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்ததிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. மாமனாருக்கு இனியும் உதவியாள் வேண்டுமா என்று பார்க்க மதிப்பீட்டாளர் வருகிறார். வியாழக்கிழமை.

பக்கவாதம் வந்து மாமனாரின் இடது கையும் காலும் தளர்ந்துபோன நாளிலிருந்து, காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போக அரசு ஓர் உதவியாளரை அனுப்பிக்கொண்டிருந்தது. அது நின்றால் வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டும். மகனுக்கு அச்சகத்தில் விடியற்காலை ஷிப்ட். மருமகள் சமூகப் பணியாளர். யார் விடுவது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் விடை என்னவென்று மருமகளுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், மருமகள் வேலை பார்ப்பதும் அதே துறையில்தான். ஊரார் வீடுகளுக்குப் போய் இதே கேள்விகளைக் கேட்பவள்.

"சொந்த வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கக் கூடாது," என்று மேலதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். "அன்னைக்கு நீ மருமகள். அவ்வளவுதான். டீ குடு. வாயைத் திறக்காதே."

அவள் விதியை மதிப்பவள். ஒரு படி மேலேயே போனாள். யாரோ பார்க்க வருகிறார் என்பதற்கு மேல் மாமனாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசினால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வியாழன் காலை கேப்டன் உள்ளே நுழைந்தபோது, மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

உதவியாளருக்கு அந்தப் பெயரை வைத்தவர் மாமனார். அவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பல தலைமுறைப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்தவர். அவரையே நில் என்றால் நிற்கவும் உட்கார் என்றால் உட்காரவும் வைத்த ஒரே ஆள் இந்த ஐம்பது வயதுப் பெண்தான்.

"என்ன மாஸ்டர், தூங்கினீங்களா, விடிய விடியப் பரீட்சைக்குப் படிச்சீங்களா?"

மாமனார் கண்ணால் அதட்டினார். கேப்டன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மருமகள் அதைக் கவனிக்கவில்லை. பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வீட்டை மட்டும் பார்த்துட்டு ஓடி வந்துடறேன் மாமா. அவர் வரும்போது நான் இருக்கணும்."

"மெதுவா வாம்மா. இருந்து என்ன பண்ணப்போறே? வாயைத்தான் திறக்கக் கூடாதாமே."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் வராந்தாவில் பேசினால் கூடத்தில் கேட்கும்.

அவள் பார்க்கப் போன பூட்டுக்காரர் வீட்டுக் கதவில் நான்கு பூட்டுகள். நான்கும் அவரே செய்தவை.

"யாரு?"

"நான்தான் ஐயா."

"நான்தான்னு திருடனும்தான் சொல்வான்."

ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசிப் பூட்டுக்கு அவர் சாவியைத் தேட வேண்டியிருந்தது. அது அவர் கழுத்தில் தொங்கியது.

மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். அடுப்பை அணைக்க மறந்து இரண்டு தடவை அக்கம்பக்கத்தார் ஓடி வந்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய சொந்த ஆசை. அவளுக்கு அது புதுமையாக இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"சுவரோட சீட்டு விளையாடறேன்மா. அது தோக்கவே மாட்டேங்குது. மனுஷனோட ஆடணும். ஏமாத்தணும். சண்டை போடணும்."

இல்லத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு வாரமாகச் சாயங்காலம் தன் வீட்டு வராந்தாவில் நின்று, அவள் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தாள். இன்று இல்லத்திலிருந்து ஒருவர் வந்து பூட்டுக்காரரைப் பார்ப்பதாக ஏற்பாடு.

"சட்டை தேய்ச்சு வெச்சிருக்கேன். சவரம் பண்ணிக்கணும்," என்றார் பூட்டுக்காரர்.

"தேய்க்காத சட்டையைப் போடுங்க. சவரமும் வேண்டாம்."

"வர்றவர் என்ன நினைப்பார்?"

"உள்ளதை நினைப்பார். ஐயா, நீங்க நல்லா இருக்கற மாதிரிக் காட்டினா, நல்லாத்தானே இருக்கார்னு கிளம்பிடுவாங்க. உங்களோட மோசமான நாள் எப்படியோ அப்படி இருங்க."

"மோசமான நாள்ல நான் உன்னையே திட்டுவேனே."

"திட்டுங்க. எனக்கென்ன புதுசா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வந்ததும் நான்கு பூட்டுகளும் வரிசையாக விழும் சத்தம் கேட்டது.

மோசமான நாளைக் காட்டுங்கள் என்பதை அவள் போகிற வீட்டிலெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு வீட்டைத் தவிர.

தன் வீட்டு வாசலிலேயே மதிப்பீட்டாளரைச் சந்தித்தாள். இளைஞர். நெற்றியில் வியர்வை, கையில் டேப்லெட்.

"நீங்களும் நம்ம துறைதான்னு சொன்னாங்க மேடம்."

"இன்னைக்கு நான் மருமகள் சார். உள்ள வாங்க."

உள்ளே போனதும் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஷூ பாலீஷ் வாசனை. கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் வாக்கரைக் காணோம். சக்கர நாற்காலியைக் காணோம். குளியலறைச் சுவரில் பதித்த கைப்பிடிமேல் யாரோ துண்டைப் பாந்தமாக மடித்துப் போட்டிருந்தார்கள்.

கூடத்தின் நடுவே மாமனார் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை கான்வாஸ் ஷூ. முதுகு அலமாரியில் சாய்ந்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

"வணக்கம் சார்!"

மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல். மதிப்பீட்டாளர் தன்னையறியாமல் நிமிர்ந்தார்.

அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்த மகன், நகத்தில் மசியோடு ஓர் ஓரமாக நின்றான். அவனும் நிமிர்ந்துதான் நின்றான்.

மருமகள் கேப்டனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"வாக்கர் எங்கே?"

"எதிர் வீட்ல."

"சக்கர நாற்காலி?"

"அதுவும் எதிர் வீட்லதான். அவங்க பாட்டுக்கு அதுல உட்கார்ந்து டிவி பார்க்கறாங்க."

"எதுக்கு இதெல்லாம்?"

கேப்டன் பரிதாபமாகப் பார்த்தாள். "இன்ஸ்பெக்ஷன்மா. மாஸ்டர் ஒரு வாரமா ஒத்திகை பார்க்கறார். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

மருமகளுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றால் ஓட்டையை மறைப்பது என்று பொருள். மாமனார் ஒருமுறை ஆய்வாளருக்காகப் பக்கத்துப் பள்ளியிலிருந்து கோல் கம்பங்களை இரவல் வாங்கி நட்டார். மறுநாள் அந்தப் பள்ளியில் ஆய்வு. அதே கம்பங்களை அதே ஆய்வாளர் அங்கேயும் பாராட்டினார். எந்த விருந்தாளி வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

"மேடம், நீங்களும் வந்து உட்காருங்க," என்று மதிப்பீட்டாளர் கூப்பிட்டார்.

போய் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"ஐயா, காலையில எழுந்திருக்கறது?"

"தானா."

"குளிக்கறது?"

"தானா."

"படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன். இறங்குவேன். நீங்க விசில் அடிச்சா ஓடுவேன்."

"சட்டைப் பட்டன் போடறது சிரமமா இருக்குமே?"

மாமனார் வலது கையால் மூன்று பட்டன்களை அவிழ்த்து மாட்டினார். டக், டக், டக். கண் இமைக்கும் நேரம். மேலே தைத்திருந்த பட்டன்கள் வெறும் அலங்காரம். அடியில் அழுத்துகிற பித்தான்கள். கேப்டன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள். தைத்தவள் அவள்.

மதிப்பீட்டாளர் மகன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

மாமனார் மகனைப் பார்த்தார்.

"அப்பா சொன்னா சரிதான்," என்றான் மகன். அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல்.

மருமகள் அவன் காலை மிதித்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"ஒரு டீ போட்டுக் காட்ட முடியுமா ஐயா?"

இந்தக் கேள்வி அவளுக்குத் தெரியும். டீ போடச் சொன்னால் ஒரு மனிதரின் கை, கால், ஞாபகம், நிதானம் எல்லாம் தெரிந்துவிடும். இதில் மாமனார் மாட்டிக்கொள்வார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அடுப்பங்கரைப் பக்கம் போனதே இல்லை. அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டாள்.

மாமனார் சுவரோரமாகவே நடந்து சமையலறைக்குப் போய்ப் போட்டார். மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டார். பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார். பாத்திரம் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. வடிகட்டி ஒரு டப்பாவின் வாயில் தானாக நின்றது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டீ பிரமாதமாக இருந்தது.

இதில் வேஷம் எதுவுமில்லை. ஒரு வாரப் பயிற்சி. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் இருந்தது.

மதிப்பீட்டாளர் முகம் மலர்ந்தது. "நான் இந்த வேலைக்கு வந்து இப்படி ஒரு முன்னேற்றத்தைப் பார்த்ததே இல்லை ஐயா."

"அப்ப பாஸா?"

"டபுள் பாஸ்."

மாமனார் வலது கையை உயர்த்தினார். கேப்டன் அதில் ஓங்கித் தட்டினாள்.

"அப்ப காலை உதவியை நிறுத்திடலாம்னு எழுதிடறேன்," என்றார் மதிப்பீட்டாளர். "திங்கட்கிழமையிலேர்ந்து இவங்க வர வேண்டியதில்லை."

உயர்த்திய கை உயரத்திலேயே நின்றது.

"யார் வர வேண்டியதில்லை?"

"இவங்கதான். உங்களுக்குத்தான் தேவையே இல்லையே."

"தம்பி," என்றார் மாமனார். 'சார்' போய்விட்டது. "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"உதவி இன்னும் வேணுமான்னு பார்க்க."

"என்னை இல்லத்துல கொண்டுபோய் விடலாமான்னு பார்க்க இல்லையா?"

எதிர் வீட்டு டிவி மட்டும் கேட்டது.

"யாருப்பா அப்படிச் சொன்னது?" என்றான் மகன்.

மாமனார் யாரையும் பார்க்காமல் சொன்னார். "யாரும் சொல்லலை. காதுல விழுந்துச்சு. 'அவரை இனிமே தனியா விட முடியாது, எப்படியாவது ஒரு இடம் பாருங்க, பாவம் நல்ல மனுஷன்'னு. ஒரு வாரமா தினம் சாயங்காலம். வராந்தாவில."

மருமகள் எழுந்தேவிட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி எங்கோ போயிற்று.

"ஐயோ மாமா! அது நீங்க இல்லை!"

"அப்ப யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"வெளியே பேர் சொல்லக் கூடாதுன்னு விதி. அதனாலதான் அவர் அவர்னே பேசறேன்."

"நல்ல விதிம்மா. நான் ஒரு வாரமா அந்த அவரா இருந்து செத்துப் பொழைச்சேன்."

"நீங்க இல்லை மாமா. சத்தியமா."

"பாவம் நல்ல மனுஷன்னு சொன்னியே?"

"அதுவும் அவரைத்தான்."

"அது மட்டும் நானா இருந்திருக்கலாம்," என்றார் மாமனார்.

கேப்டன்தான் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கூறுகெட்ட நான் என் கையாலேயே பித்தான் தைச்சு என் வேலைக்கே உலை வெச்சுக்கிட்டேனே!"

மாமனார் மதிப்பீட்டாளரிடம் திரும்பினார். "தம்பி, எல்லாத்தையும் அழிங்க. நான் ஃபெயில். குளிக்க முடியாது. எழுந்திருக்க முடியாது. இந்தப் படியை நான் இறங்கியே ரொம்ப நாளாச்சு."

மதிப்பீட்டாளர் மூக்கைச் சொறிந்தார். நல்ல பிள்ளை. ஆனால் வேலையென்றால் வேலை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் முன்னாடி முடியும்னு காட்டினீங்க. நான் கண்ணால பார்த்தேன். உதவி போகுதுன்னதும் முடியாதுங்கறீங்க. எது நடிப்புன்னு நான் எப்படி எழுதறது?"

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் மருமகளும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

கேப்டன் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "குளியலறைக்கு வாங்க தம்பி. அங்க யாராலயும் நடிக்க முடியாது."

மாமனார் முகம் சிவந்தது. "மருமக இருக்கா."

"அவங்க வெளியே இருக்கட்டும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலை உதவியை அவரே கேட்டு வாங்கியதற்குக் காரணம் அதுதான். மருமகள் தன்னைத் தூக்கி நிறுத்தும்படி ஆகிவிடக் கூடாது. மகனிடம் அப்படிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கேப்டனுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும்.

"டேய்," என்றார் மகனிடம். "எதிர் வீட்லேர்ந்து வாக்கரை எடுத்துட்டு வா. ஓடு."

மகன் ஓடினான்.

நான்கு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மருமகள் வெளியே நின்றாள். எத்தனையோ வீடுகளில் அவள் கதவுக்கு உள்ளே நின்றிருக்கிறாள். வெளியே நிற்பவர்களைப் பற்றி அதிகம் நினைத்ததில்லை. சுவரைப் பார்ப்பதா, கதவைப் பார்ப்பதா என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

உள்ளே தண்ணீர் விழுந்தது.

"மெதுவா மாஸ்டர். வலது காலு. நான் பிடிச்சிருக்கேன்."

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

பிறகு ஏதோ வழுக்கியது. மகன், "அப்பா!" என்றான். ஒரு வாளி உருண்டது.

அவள் கை தாழ்ப்பாள்வரை போய்த் திரும்பியது.

"தம்பி, பார்த்துக்கிட்டே நிக்காதீங்க! இடுப்பைப் பிடிங்க! அந்தப் பக்கம்!"

"எங்க பிடிக்கறது அக்கா?"

"கிடைக்கற இடத்துல பிடிங்க!"

"கேப்டன், கண்ணுல சோப்பு!"

"கண்ணை மூடச் சொன்னேன்ல!"

"ஆய்வாளரைப் பார்க்க வேண்டாமா?"

உள்ளே நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மருமகள் தாழ்ப்பாளிலிருந்து நகர்ந்து சுவரில் சாய்ந்தாள்.

கதவு திறந்தபோது மாமனார் வாக்கரைப் பிடித்தபடி, மகனின் பழைய பனியனில் வந்தார். வெள்ளைச் சீருடை இல்லை. வயது தெரிந்தது. பின்னால் மதிப்பீட்டாளர், முழங்கால்வரை நனைந்து, சட்டையில் சோப்பு நுரையோடு.

கேப்டன் அவருக்கு ஒரு துண்டைக் கொடுத்தாள். அவர் துடைத்துக்கொண்டே எழுதினார்.

"காலை உதவி கட்டாயம் தொடரணும். அப்படித்தான் எழுதறேன். டீ மட்டும் நீங்களே போட்டுக்குவீங்கன்னும் எழுதறேன். அது நிஜம்தானே?"

"முதல் வகுப்புன்னு எழுதுங்க," என்றார் மாமனார்.

மகன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். மருமகள் கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. யாரும் வேலையை விட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தது என்று அவள் கோப்பைகளை எடுக்கப் போனாள்.

"மேடம், இன்னொரு பகுதி பாக்கி இருக்கு," என்றார் மதிப்பீட்டாளர். "வீட்ல பார்த்துக்கறவங்களையும் கேட்கணும். நீங்க எப்படி இருக்கீங்க?"

"நானா? நல்லா இருக்கேன். எல்லாம் சமாளிச்சுக்கறேன். ஒரு குறையும் இல்லை."

மூன்று பதில்களும் ஒரே மூச்சில் வந்தன.

"தம்பி, அதை எழுதாதீங்க," என்றார் மாமனார்.

"மாமா!"

"இவ ராத்திரி சோத்துல கை வெச்சுக்கிட்டே தூங்கறா. பேர் சொல்லாம ஊரையே சுமக்கறா. நான் ஒரு வாரம்தான் வேஷம் போட்டேன். இவ எத்தனை நாளாவோ தெரியலை."

மருமகள் கோப்பைகளை மறுபடி மேசையில் வைத்தாள். உட்கார்ந்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து நகத்து மசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"போன வாரம் ரெண்டு நாள் நான் ஆபீஸ் போகலை," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "காலையில சாப்பாட்டு டப்பாவோட கிளம்பினியே?"

"கிளம்பினேன்."

"பின்ன எங்க போனே?"

மாமனார் நல்ல கையைத் தூக்கினார். "குறுக்கே பேசாதேடா. அவ பேசட்டும்."

மதிப்பீட்டாளர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். கேப்டன் அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மருமகள் நான்கு முகங்களையும் பார்த்தாள்.

"சொல்றேன்," என்றாள். "யாரும் சிரிக்கக் கூடாது."